உடன் வந்தோர்: பெண்ணியப் புவியியல் எழுப்பும் ஓர் அறவினா

அறியாமை இருவகைப்படும். எட்டாத தொலைவில் இருப்பதை அறியாதிருப்பது ஒருவகை. எதிரே இருப்பதைக் காணாதிருப்பது மற்றொரு வகை. நிலவின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று நம் முன்னோர் அறியார். அதற்காக அவர்களை எவரும் குறைகூறுவதில்லை. ஆனால் மக்களைப் பற்றியே ஆராய்வதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அறிவுத்துறை, அம்மக்களுள் சரிபாதியினரைப் பெரும்பாலும் கணக்கில் கொள்ளாமலே தலைமுறை தலைமுறையாக நூல்களை எழுதிக் குவித்தது எனில், அதனை ஆய்வாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாமா? அன்றி, அறத்தின்பாற்பட்ட குற்றம் என்று கொள்ள வேண்டுமா? இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்குப் புவியியல் துறையின் வரலாறு தக்கதொரு களம். ஊர்விட்டு ஊர் வந்து, தலைநகரிலும், பம்பாய் என்று நாம் அழைத்துப் பழகிய மும்பையிலும், கல்கத்தாவிலும் வேரூன்றிய நம்மனோர் குடும்பங்களுக்கு இவ்வினா ஏட்டோடு நிற்பதன்று. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

புவியியல் எவருக்கும் பகையில்லாத பாடம் என்றே பள்ளியில் கற்றோம். மலை, ஆறு, மண், மழை, பயிர், சுரங்கம், துறைமுகம் என விரியும் அப்பாடத்தின் பிற்பகுதியில் ‘மனிதனும் அவன் சூழலும்’ என்றொரு தலைப்பு இருக்கும். மனிதன் காடு திருத்தினான்; அணை கட்டினான்; நகரம் அமைத்தான்; வேலை தேடிப் பெயர்ந்தான். ‘அவன்’ என்பது ஆணையும் பெண்ணையும் சேர்த்தே குறிக்கும் என்று விளக்கம் கூறுவர். சொல்லளவில் அது மெய்யாக இருக்கலாம். ஆயின் அம்மனிதன் செய்ததாகப் பாடநூல் சொல்லும் செயல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், தண்ணீர் சுமந்ததும், விறகு பொறுக்கியதும், நாற்று நட்டதும், பிள்ளையை இடுப்பில் ஏந்திக்கொண்டு கூலிக்குச் சென்றதும் அவற்றுள் அரிதாகவே இடம்பெற்றன என்பது விளங்கும். சொல் இருவரையும் தழுவியது. பொருள் ஒருவரோடு நின்றுவிட்டது.

இத்துறையின் தலைமைப் பீடங்களுள் ஒன்று இலண்டனில் 1830-இல் நிறுவப்பெற்ற அரச புவியியல் கழகம். 1892-இல் அதன் ஆட்சிக்குழு பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தது. அவ்வாறு முதலில் சேர்க்கப்பட்டவருள் இசபெல்லா பேர்டு என்பாரும் ஒருவர். அமெரிக்காவின் ராக்கி மலைகள், சப்பான், மலேயா, பாரசீகம், குர்திசுத்தான் எனப் பயணம் செய்தவர். 1889-இல் நம் லடாக்கின் கணவாய்களையும் கடந்தவர். அவரை உள்ளிட்ட 22 பெண்கள் சேர்ந்த அளவில் கழகத்துக்குள் பெரும் எதிர்ப்பு மூண்டது. 1893-இல் கூடிய கூட்டத்தில் பெண்களைச் சேர்ப்பதற்கு எதிராக முடிவாயிற்று. சேர்ந்த 22 பேர் மட்டும் நீடித்தனர். கதவு மீண்டும் சாத்தப்பட்டது. எதிர்த்தவருள் முன்னின்றவர் ஜார்ஜ் கர்சன். பெண்ணின் பாலும் அவள் பெறும் பயிற்சியும் ஆய்வுப் பயணத்துக்கு அவளைத் தகுதியற்றவள் ஆக்குகின்றன என்னும் கருத்தை அவர் நாளிதழில் எழுதி வாதிட்டார். பின்னாளில் நம் நாட்டுக்கு வைசிராயாக வந்து, 1905-இல் வங்கத்தைக் கோடு கிழித்துப் பிரித்தவரும் இவரே. வரைபடங்களின்மீது அவருக்கிருந்த நம்பிக்கை பெரிது போலும்!

1913-இல், அதே கர்சன் கழகத்தின் தலைவராக இருந்த காலத்திலேயே, பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டனர் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. மனிதர் மாறுகின்றனர், காலமும் மாற்றுகிறது. எனினும் அந்த இருபதாண்டுப் பூசலில் உண்மையில் வழக்காக நின்றது எது? பெண்ணுக்கு ஒரு நாற்காலி தருவதா என்பது மட்டுமன்று. அவள் கண்ட மலை மலைதானா, அவள் அளந்த வழி வழிதானா என்பதே அடியில் கிடந்த வழக்கு. பனிப்புயலில் குதிரைமேல் சென்றவளின் காட்சியைக் கணப்படுப்பின் அருகே அமர்ந்திருந்தோர் எடைபோட்டனர். அறிவு என்பது எதைக் கண்டோம் என்பதைப் பொறுத்ததா, கண்டவர் யார் என்பதைப் பொறுத்ததா என்னும் மெய்யியல் வினா அம்மன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது எனலாம்.

மன்றத்துக்குள் நுழைவது வேறு; பாடத்துக்குள் நுழைவது வேறு. முன்னது நிகழ்ந்தபின் பின்னது நிகழ அறுபதாண்டுகள் ஆயின. 1969-இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ‘ஆன்டிபோட்’ என்னும் ஆய்விதழ் தோன்றியது. வறுமை, இனவேற்றுமை, போர் ஆகியவற்றைப் பற்றி வாய் திறவாத புவியியலோடு பிணங்கிய இளைஞர்கள் தொடங்கிய இதழ் அது. அதில் 1973-இல் பேட் பர்னெட் எழுதிய கட்டுரை, நகரங்களின் அமைப்பை விளக்க வகுக்கப்பட்ட மாதிரிகள் பெண்ணின் நிலையையும் அது மாறிவருவதையும் கருதவேயில்லை என்று சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில், பெண் புவியியலாளர்களை ஏன் காணவில்லை என்று வில்பர் செலின்ஸ்கி வேறோர் இதழில் வினவினார். அடுத்த ஆண்டில் அலிசன் ஹேஃபோர்டு பெண்களின் புவியியலுக்கு ஒரு வரலாற்று முன்னுரை வரைந்தார். வித்து இவ்வளவே. ஆயினும் அக்கால மாதிரிகளைச் சற்று உற்று நோக்கினால் இக்கட்டுரைகளின் கூர்மை புலப்படும். நகரத்தில் ஒரு குடும்பம் எங்கே குடியிருக்கும்? குடும்பத் தலைவரின் பணியிடத்துக்குச் சென்றுவரும் செலவையும் நிலத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து அக்குடும்பம் முடிவு செய்யும் என்றனர். குடும்பம் என்பது ஒரே மனம், ஒரே பணப்பை, ஒரே பயணம் உடையது என்று கொண்டனர். அக்கொள்கையில் வீடு என்பது ஒரு புள்ளி. புள்ளிக்கு உள்ளே அறைகள் இல்லை. அறைகளில் எவரும் இல்லை.

இங்கே சுவீடன் நாட்டு அறிஞர் ஒருவரின் கருவி எதிர்பாராத வகையில் துணை நின்றது. லுண்டு பல்கலைக்கழகத்தின் டோர்ஸ்டன் ஹாகர்ஸ்ட்ராண்டு 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், மனிதரின் ஒருநாள் வாழ்வை இடமும் காலமும் சேர்ந்த ஒரு பாதையாக வரைந்து காட்டினார். ஒருவர் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் இருக்க இயலாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல நேரம் வேண்டும். சில செயல்களைக் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் செய்தே தீரவேண்டும். இவற்றை எல்லாம் குறித்துக்கொண்டால், அந்நாளில் அவர் எவ்வளவு தொலைவு எட்ட இயலும் என்பதற்கு ஓர் எல்லை தெரியவரும். எளிய உண்மைதான். ஆனால் ரிசா பாம், ஆலன் பிரெட் ஆகிய இருவரும் 1974-இல் அக்கருவியைப் பெண்களின் நாளின்மீது வைத்துப் பார்த்தபோது, வேறு எக்கருவிக்கும் தென்படாதது தென்பட்டது.

நம் சூழலிலேயே ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தலைநகரின் அரசு குடியிருப்பு ஒன்றில் வாழும் ஒரு பெண். கல்லூரிப் படிப்பு முடித்தவர். காலை ஆறு மணிக்குள் பால் வாங்கியாக வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரம் இவ்வளவே. அதற்குள் பிடித்து வைக்க வேண்டும். ஏழரைக்குப் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்ற வேண்டும். ஒன்றரைக்கு அதே முனையில் நின்று இறக்க வேண்டும். கணவரின் சாப்பாட்டு டப்பா எட்டரைக்குள் தயாராக வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியாருக்குப் பத்து மணிக்கு மருந்து. எஞ்சியிருப்பது மூன்றரை மணி நேரம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்தால், அவர் சென்று திரும்பக்கூடிய வட்டம் இரண்டு மூன்று கல் தொலைவைத் தாண்டாது. அவ்வட்டத்துக்குள் அவர் கல்விக்கேற்ற அலுவலகம் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். இருந்தாலும் மூன்றரை மணி நேர வேலையை எவர் தருவார்? நகரம் முழுவதும் வேலைகள் உள்ளன. அவருக்குத் தகுதியும் உள்ளது. ஆயினும் புள்ளிவிவரம் அவரை ‘வேலை தேடாதவர்’ என்று எழுதிக்கொள்கிறது. அக்கம்பக்கத்தாரோ, அவருக்கு வீட்டில் இருப்பதே விருப்பம் என்பர். அவரைத் தடுத்து நிறுத்திய கை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தடை பேருந்தின் கால அட்டவணையிலும், பள்ளியின் மணியிலும், குழாயின் திருகிலும் பங்குபோட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

விடுபடுதல் பிழையா, குற்றமா என்னும் வினாவுக்கு இங்கே ஒரு விடை தென்படுகிறது. அப்பெண்ணின் நாளைக் காணாமல் விட்டதால் எவருக்கும் பயன் இல்லை என்றால் அது பிழை. ஆனால் அவர் நேரத்துக்கு விலையில்லை என்று கொண்டதனால்தான் தண்ணீரை இரண்டு மணி நேரம் மட்டும் திறந்துவிட முடிகிறது. பள்ளியைப் பிற்பகலில் மூட முடிகிறது. அலுவலகம் தன் பணியாளருக்கு வீட்டுக் கவலை எதுவும் இல்லை என்று கொள்ள முடிகிறது. பிறர் வசதி அவருடைய கணக்கிடப்படாத காலத்தின்மேல் நிற்கிறது. காணாமையால் பயன் பெறுகிறவர் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டியவர் என்பதே நம் துணிபு. தனியொருவரை நோக்கி இதனைக் கூறவில்லை. அக்கணவரும் காலை ஆறரை முதல் ஓடிக்கொண்டிருப்பவரே.

அமெரிக்காவில் வூஸ்டர் என்னும் தொழில்நகரில் சூசன் ஹான்சனும் ஜெரால்டின் பிராட்டும் 1980-களில் ஆய்வு நடத்தி, 1995-இல் நூலாக வெளியிட்டனர். பெண்கள் வீட்டுக்கு அண்மையிலேயே வேலை தேடுகின்றனர் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. முதலாளிகளும் இதனை நன்கு அறிந்திருந்தனர் என்பதையும், தாம் விரும்பும் வகைப் பெண் தொழிலாளர் வாழும் பகுதிகளின் அருகே தொழிலகங்களை அமைத்தனர் என்பதையும் காட்டினர். அறிஞர் காணாததை வணிகர் முன்பே கண்டிருந்தனர்!

இதற்கிடையே துறை வளர்ந்து வந்தது. 1982-இல் ஜேனிஸ் மாங்க், சூசன் ஹான்சன் இருவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கண்டனம்: மனிதப் புவியியலில் மனிதரில் பாதியை விலக்காமை பற்றி. 1984-இல் பிரித்தானியப் புவியியலாளர் கழகத்தைச் சார்ந்த பெண்கள் குழு ஒன்று மாணவர்க்கான முதல்நூலைக் கூட்டாக எழுதி வெளியிட்டது. தனியொருவர் பெயரை முன்னிறுத்தாமல் குழுவின் பெயரில் வந்த நூல் அது.

அதே 1984-இல் லிண்டா மெக்டவலும் டோரீன் மாசியும் சேர்ந்து எழுதிய ‘பெண்ணின் இடம்?’ என்னும் கட்டுரையை, இத்துறையில் நுழைய விரும்பும் எவரும் முதலில் படிக்கவேண்டும் என்போம். இங்கிலாந்தின் நான்கு பகுதிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். டர்ஹாம் நிலக்கரி வட்டாரத்தில் ஆண்கள் முறைவைத்துச் சுரங்கத்துக்குள் இறங்கினர். ஒருவர் கரிபடிந்து திரும்பும் நேரத்தில் மற்றொருவர் புறப்படுவார். வெந்நீர் காய்ச்சுவதும், வேளைதவறிய வேளைகளில் சோறாக்குவதும், துணி வெளுப்பதுமாகப் பெண்ணின் நாள் கழிந்தது. ஊதிய வேலை அவளுக்கு இல்லை. லங்காஷயர் பருத்தி ஆலைகளிலோ பெண்கள் ஆண்களோடு தறியில் நின்றனர்; கையில் சொந்த ஊதியம் இருந்தது; சங்கம் சேர்ந்தனர்; வாக்குரிமை கேட்டனர். இலண்டனின் ஹாக்னி பகுதியில் தையல் வேலை பெண்ணின் வீட்டுக்குள்ளேயே வந்து புகுந்தது. ஃபென்ஸ் எனப்படும் கிழக்குச் சமவெளியில் பெண்கள் குழுக்களாக வயல்வேலைக்குச் சென்றனர். நாடு ஒன்று, மொழி ஒன்று, சட்டம் ஒன்று. ஆனால் ‘பெண் என்றால் இப்படித்தான்’ என்பது மட்டும் நான்கு இடங்களில் நான்கு விதமாக இருந்தது. இயற்கை என்று நாம் கூறுவதில் எவ்வளவு பங்கு இடத்தின் பழக்கம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கதை அத்துடன் முடியவுமில்லை. 1960-களிலும் 70-களிலும் சுரங்கங்கள் மூடப்பட்டபின் டர்ஹாமுக்குப் புதிய தொழிலகங்கள் வந்தன. அவை நாடியது வேலையிழந்த ஆண்களை அன்று. ஊதிய வேலையும் சங்கமும் அறியாத, குறைந்த கூலிக்குக் கிடைக்கும் பெண்களை. நேற்றைய ஒதுக்கலே இன்றைய மலிவுக்கு மூலதனமாயிற்று.

மாசி அம்மையார் தம் இளமையைப் பற்றி ஒரு செய்தி எழுதியுள்ளார். மான்செஸ்டர் பக்கத்தில் மெர்சி ஆற்றின் அகன்ற வெள்ளச் சமவெளியைப் பேருந்தின் மாடியில் அமர்ந்து கடக்கும்போது, ஒன்பது பத்து வயதுச் சிறுமியான அவர் கண்டது, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஆண்பிள்ளைகளுக்காக ஒதுக்கப்பட்ட விளையாட்டுத் திடல்கள். எவரும் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. ஒரு வேலியும் இல்லை. ஆயினும் அந்நிலம் தமக்குரியதன்று என்பதை அச்சிறுமி அறிந்திருந்தார். நம் நகரங்களில் மாலை வேளையில் ஒரு திடலையோ தேநீர்க் கடையையோ நோக்குவோர் இதனை உடனே உணர்வர். 2011-இல் சில்பா பட்கே, சமீரா கான், சில்பா ரானடே ஆகிய மூவர் மும்பைத் தெருக்களைப் பற்றி எழுதிய நூல் வற்புறுத்துவதும் இதுதான்: பெண் தெருவில் நடக்கலாம், ஆனால் எங்கேயோ போய்க்கொண்டிருப்பவளாகத் தோன்ற வேண்டும், காரணமின்றி நிற்பது ஆணுக்குரிய உரிமை.

நிற்க. இவற்றுக்கெல்லாம் எதிர்வாதம் ஒன்று உண்டு; அதனை இகழாது கேட்பது கடன். அறிவுக்கு ஆண்பால் பெண்பால் ஏது? கங்கை ஆண் பார்த்தாலும் பெண் பார்த்தாலும் ஒரே திசையில்தான் ஓடுகிறது. பார்ப்பவரை ஒட்டி உண்மை மாறும் என்றால் எல்லாமே கட்சியாகிவிடாதா? இவ்வாதத்தில் சாரம் உண்டு. ஆற்றின் வேகத்தை அளக்கும் கருவிக்குப் பாலில்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் ஆற்றில் அணையின் தேவையை ஆராய்ந்தவர், பயிருக்கு எவ்வளவு நீர், மின்னுக்கு எவ்வளவு நீர் என்று எழுதினார். கரையிலிருந்து குடத்தில் எடுத்துச் செல்லப்படும் நீரை எழுதவில்லை. அவர் எழுதிய எண்களில் ஒன்றும் பொய்யன்று. எழுதாத எண்ணே அங்கு வழக்கு. 1993-இல் ஜில்லியன் ரோஸ் எழுதிய நூல், புவியியலின் வரம்புகளை இன்னும் ஆழமாகத் தோண்டியது. உயரத்திலிருந்து நிலத்தை முழுமையாக நோக்குபவராகத் தம்மைக் கருதிக்கொள்ளும் ஆய்வாளர், தாம் நிற்கும் இடத்தை மறைத்துவிடுகிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. அதற்கு முன்பே, 1988-இல், அறிவியல் வரலாற்று அறிஞர் டானா ஹராவே, எங்கும் நில்லாமல் எல்லாவற்றையும் காணும் பார்வை என்று ஒன்று இல்லை. நிற்கும் இடத்தைச் சொல்லும் பார்வையே பொறுப்புடைய பார்வை என்று வாதிட்டிருந்தார். இதனை உண்மையைக் கைவிடுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. நில அளவையில்கூட, கருவி நிறுத்திய புள்ளியைக் குறிக்காத அளவை செல்லாது.

இத்துறைக்கென 1994-இல் தனி இதழ் தோன்றியது; லிஸ் பாண்டியும் மோனா டொமோஷும் அதன் முதற் பதிப்பாசிரியர். இவ்வளவில் வெற்றி கிட்டியதாகக் கருதலாம். ஆனால் அறம் என்பது பிறரை நோக்கி நீட்டிய விரல் தன்னை நோக்கித் திரும்பும்போதுதான் சோதிக்கப்படுகிறது. பம்பாயில் பிறந்த சந்திரா தல்பாடே மொகந்தி, 1984-லேயே ஒரு கூர்மையான கட்டுரையில், மேலைநாட்டுப் பெண்ணிய நூல்கள் ஆசிய, ஆப்பிரிக்கப் பெண்களை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த, வாயற்ற, துணையற்ற ஒருத்தியாகக் காட்டுகின்றன என்று எழுதினார். விடுபட்டவர்களே வேறு சிலரை விடுத்தனர். பாதியைச் சேர்க்கப் போந்தோர், அப்பாதிக்குள்ளும் பாதிகள் உண்டு என்பதை மறந்தனர். 1987-இல் ஜேனட் மாம்சென், ஜேனட் டவுன்செண்டு ஆகியோர் மூன்றாம் உலகத்துப் பால்நிலைப் புவியியலைத் தனி நூலாகத் தொகுத்தது இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்று.

நம் நாட்டிலோ வினா வேறொரு வாயில் வழியாகப் புகுந்தது. பெண்களின் நிலை பற்றி ஆராய அரசு அமைத்த குழு 1974-இல் தந்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கை, ஆயிரம் ஆண்களுக்கு 1901-இல் 972 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971-இல் 930 ஆகக் குறைந்துபோன வீழ்ச்சியை நாட்டின் முன் வைத்தது. தலைநகரின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சரஸ்வதி ராஜு இத்தகைய எண்களை நிலப்பரப்பின்மேல் வைத்துப் படிக்கும் துறையை இங்கே வளர்த்தவர்; அவரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய இந்தியப் பெண்கள் ஆண்கள் பற்றிய வரைபடத் தொகுப்பு 1999-இல் வெளிவந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஆண்களுக்கு அரியானாவில் 861 பெண்கள், தமிழகத்தில் 987, கேரளத்தில் 1058. இவ்வரைபடத்தை விரித்துத் தென்னகத்தின் பெருமை பேசுவது நம்மிடையே எளிது. ஆயின் அதே வரைபடத்தைச் சற்றுப் பெரிய அளவில் வரைந்து பாருங்கள். சேலமும் தருமபுரியும் மதுரையின் மேற்குப் பகுதியும் வேறு வண்ணத்தில் தெரியும். பெண்குழந்தையைக் கொல்லாது விட்டுச்செல்க என்று இரந்து 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது நம் தமிழ்நாட்டில்தான். எந்த அளவில் வரைவது என்பதை நாம் வரைகலையின் நுட்பமாகக் கருதுகிறோம். எதை மறைப்பது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் ஒழுக்கத்தை உரித்தாக்கிய மரபு நம்முடையது. நிலம் வெறும் நிலமன்று, மனத்தின் நிலையும் ஆகும் என்னும் அவ்வுணர்வுக்கு ஈடான ஒன்றை அண்மைக்கால மேலைப் புவியியல் தேடிக்கொண்டிருக்கிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அத்திணைகளில் நடப்பவர் யார், நிற்பவர் யார்? பாலையின் வழி தலைவனுடையது. முல்லையின் காத்திருப்பு தலைவியுடையது. உடன்போக்கில் அவளும் நடக்கிறாள் என்பது உண்மையே. அப்போதும் அது அவனோடு போவது. கடல் கடந்து செல்லும் பிரிவில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றுக்குப் பொதுவாகக் கொள்ளும் பொருள். இடமும் ஒழுக்கமும் பிணைந்த இலக்கணத்தில் பெயர்ச்சி ஆணுக்கு உரிப்பொருளாயிற்று, இருத்தல் பெண்ணுக்கு.

மெய்ந்நிலை என்ன? 1885-இல் இலண்டனில் ராவென்ஸ்டைன் என்பார் பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு இடப்பெயர்ச்சியின் விதிகளை வகுத்தார். குறுந்தொலைவுப் பெயர்ச்சியில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. பின்வந்தோர் அவருடைய மற்ற விதிகளைப் பாடமாக்கினர், இதனை அடிக்குறிப்பாக்கினர். இந்தியாவின் நிலையோ இன்னும் வெளிப்படை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம் முந்தைய இருப்பிடம் விட்டுப் பெயர்ந்தோராகப் பதிவானோர் சுமார் 45 கோடி. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் பெண்கள். இந்நாட்டின் மாபெரும் இடப்பெயர்ச்சி, வேலை தேடி இரயிலேறிய ஆணின் பெயர்ச்சியன்று; தாலி கட்டிக்கொண்டு வேற்றூர் சென்ற பெண்ணின் பெயர்ச்சி. 1981 முதல் கணக்கெடுப்பில் பெயர்ச்சிக்கான காரணமும் கேட்கப்படுகிறது: வேலை, கல்வி, திருமணம், குடும்பத்துடன் வந்தது என. பெண்களுள் பெரும்பாலோர் திருமணம் என்னும் கட்டத்தில் அமர்கின்றனர்; வேறு பலர் குடும்பத்துடன் வந்தோர். பொருளியல் காரணத்தால் நிகழாத பெயர்ச்சி என்று இவற்றை ஆய்வாளர் பலர் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தனர்.

உடன் வந்தோர்! நம் தாய்மாரையும் பாட்டிமாரையும் குறிக்க நாமும் இச்சொல்லைத்தானே வழங்கி வருகிறோம்? இந்நகரங்களில் தமிழர் குடியேறிய வரலாற்றை எழுதும்போது, எந்த ஆண்டில் எந்த அலுவலகத்தில் எவர் எழுத்தராகச் சேர்ந்தார், எவர் யாருக்கு அறை தேடிக் கொடுத்தார் என்று தொடங்குகிறோம். அது மெய்யான வரலாறே. அவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. ஆயினும் அலுவலகத்தில் ஆங்கிலம் இருந்தது. உடன் பணிபுரிந்தோருள் ஊர்க்காரர் இருந்தனர். இந்தி ஒரு சொல்லும் அறியாமல், காய்கறி வண்டிக்காரரிடம் விரலைக் காட்டி விலை பேசியவர் யார்? அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணிடம் குளிர்காலத்துக்குக் கம்பளி பின்னக் கற்று, மாற்றாக அவருக்கு இட்லிமாவு புளிக்கவைக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? சனவரிக் குளிரில் மாவு பொங்காது என்பதைக் கண்டு, கம்பளி சுற்றி வைத்தவர் யார்? எந்த மருத்துவமனையில் எந்தக் கதவு வழியே போக வேண்டும், எந்தப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார்கள், எந்தக் கடையில் நல்லெண்ணெய் கிடைக்கும் என்று ஒரு வேற்றுநகரின் வரைபடத்தை மனத்துக்குள் வரைந்து, அடுத்து வந்த குடும்பத்துப் பெண்ணுக்கு வாய்மொழியாகக் கொடுத்தவர் அவர். அவ்வரைபடத்தின் துணையின்றி ஒரு குடும்பமும் இங்கே ஓராண்டு நிலைத்திருக்க இயலாது. அதனைப் புவியியல் என்று எவரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

அவருக்கு வர விருப்பம் இருந்ததா என்பது இன்னும் நுண்ணிய வினா. சிலருக்கு இப்பெருநகர் விடுதலையாக அமைந்தது. ஊரின் கண்களிலிருந்து தப்பி, பேருந்தேறித் தாமே சென்று, வேலையும் தேடிக்கொண்டனர். தலைநகரில் 2019-லும் தமிழகத்தில் 2021-லும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கியபோது, பேருந்து என்பது ஒரு பெண்ணின் நாளில் எவ்வளவு பெரிய பொருள் என்பதை அரசுகளும் ஒப்புக்கொண்டன எனலாம். வேறு சிலருக்கோ அதே நகர் இரண்டு அறைகளும் ஒரு சன்னலுமாகச் சுருங்கியது. ஊரில் கிணற்றடியும் கோயிலும் ஆற்றங்கரையும் இருந்தவர்க்கு இங்கே மூன்றாம் மாடியின் சமையலறை. ஒரே பெயர்ச்சி ஒருவருக்கு நிலத்தை விரித்தது, மற்றவருக்குச் சுருக்கியது. இரண்டும் ஒரே சொல்லால் பதிவாகின்றன.

கணக்கெடுப்பாளர் வந்து கதவைத் தட்டும்போது பெரும்பாலும் விடை சொல்பவர் குடும்பத் தலைவர். ஒருவருக்கு ஒரு காரணமே குறிக்கப்படும். திருமணமாகி வந்து, பின்னர்ப் பள்ளி ஆசிரியையாக முப்பதாண்டு பணிபுரிந்து, ஓய்வூதியமும் பெறுகின்ற அம்மையாருக்கும் வந்த காரணம் ‘திருமணம்’ என்றே பதிவாகும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அது நம் வாயிலுக்கு வரும் நாளில், அக்கேள்விக்கான விடையை அவரையே கேட்டுச் சொன்னால், அவர் என்ன சொல்வார் என்பது நம்முள் பலருக்குத் தெரியாது.